வாய்ப் புற்றும் வெற்றிலைப் பாக்கும்: ஜீன்கள் சொல்லும் சேதி



சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் பாரோய் வட்டாரம் இருக்கிறது. முன்பு பால்மரங்கள் நின்ற நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் தோட்டத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த பழக்கங்களும் அவர்களோடு சேர்ந்தே வந்துவிட்டன. அவற்றில் ஒன்று வெற்றிலைப் பை. இன்றைய பேச்சு அந்தப் பையைப் பற்றியது. அதைவிட, அதை மடியில் செருகியிருக்கும் தாய்மார்களைப் பற்றியது.

தோட்டங்களில் நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. ஒரே லயத்தில் இரண்டு ஓரகத்திகள். இருவரும் விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்கள். ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுத்து, ஒரே டப்பாவிலிருந்து சுண்ணாம்பு தடவி, ஒரே புகையிலையைக் கிள்ளிப் போட்டவர்கள். ஒருத்திக்கு ஐம்பது வயதில் கன்னத்தில் புண் வந்து ஆறாமல் போகிறது. மற்றவள் எண்பது வயதிலும் பாக்கைக் கடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளை அதட்டுகிறாள். "எல்லாம் தலையெழுத்து" என்று நாம் சொல்லிவிடுகிறோம். "வெற்றிலை போட்டால் புற்று வரும் என்றால் பெரியம்மாவுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் இன்று ஓரளவு நல்ல பதிலை வைத்திருக்கிறது. அந்தப் பதில் ஜீன்கள் என்னும் மரபணுக்களில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. வாய்ப் புற்றுக்கும் வெற்றிலைப் பாக்குக்கும் தொடர்பு உண்டு என்பது நேற்று எழுந்த சந்தேகம் அல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்றோர் ஊர் இருக்கிறது. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு வாய்ப் புற்றோடு வந்த ஏழை மக்கள் ஏராளம். அங்கே பணியாற்றிய டாக்டர் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933-இல் இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். நம் முன்னோர்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது, வேட்டி சேலையோடு இந்தப் பழக்கமும் கப்பலேறியது. 1960-இல் டாக்டர் மார்ஸ்டன் என்பவர் 'மலாயாவில் வெற்றிலைப் புற்று' என்ற பொருளில் மலாயா மருத்துவ இதழில் எழுதினார். 1976-இல் டாக்டர் இராமநாதனும் லட்சுமியும், தீபகற்ப மலேசியாவில் வாய்ப் புற்று இந்தியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரிடையே எப்படி வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்து எழுதினார்கள்.

அதன்பின் 1993, 1994 ஆண்டுகளில் நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடந்தது. எல்லா மாநிலங்களிலும் பதினொராயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாயைப் பல் மருத்துவர்கள் திறந்து பார்த்தார்கள். பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய அறிகுறிகள் இந்தியர்களிடையே நூற்றுக்கு நான்கு என்ற அளவில் இருந்தன. சீனர்களிடையே இருநூறு பேருக்கு ஒன்று என்ற அளவுதான். பிற நோய்கள் சிலவற்றில் ஆண்களே முன்னால் நிற்பார்கள். இந்த நோயிலோ நம் சமூகத்துப் பெண்கள் பெருமளவில் சிக்கினார்கள். காரணம் தெளிவு. தோட்டத்தில் ஆண்கள் சுருட்டும் கள்ளும் நாடினார்கள் என்றால், பெண்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் வெற்றிலைப் பைதான்.

ஆகவே, இந்தியராகப் பிறந்ததாலேயே இந்த நோய் வருகிறதா? பழக்கத்தால் வருகிறதா? இரண்டும் கலந்து வருகிறதா? இதை விளங்கிக்கொள்ள ஜீன் என்றால் என்ன என்று பார்ப்போம்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் ஒரு புத்தகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை டி.என்.ஏ. என்பார்கள். அதில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் அந்த மொழியில் நான்கே நான்கு எழுத்துகள்தாம். அவையே மாறி மாறி வருகின்றன. அந்தப் புத்தகத்தில் சுமார் 20,000 சமையல் குறிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு குறிப்பும் ஒரு ஜீன். குறிப்பைப் படித்து உயிரணு சமைக்கும் பதார்த்தத்துக்குப் புரதம் என்று பெயர். தசை, தோல், எச்சிலில் உள்ள செரிமானப் பொருள், நோயை எதிர்க்கும் பொருள் எல்லாம் இப்படிச் சமைக்கப்பட்டவையே.

இந்தப் புத்தகத்தில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. எந்த இரண்டு மனிதரின் புத்தகத்தையும் ஒப்பிட்டால் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வித்தியாசம் இருக்கும். ஆனால் 300 கோடியில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 30 இலட்சம் இடங்கள் அல்லவா? இந்தச் சிறு வித்தியாசங்களைத்தான் மரபணு வேறுபாடு என்கிறோம். ஒருவர் கறுப்பு, ஒருவர் மாநிறம். ஒருவருக்குச் சுருட்டை முடி, ஒருவருக்கு நேர் முடி. இவையெல்லாம் அதனால் வருகின்றன.

இங்கே இன்னொரு செய்தி முக்கியமானது. கண்ணில் உள்ள உயிரணுவிலும் அதே புத்தகம். குடலில் உள்ள உயிரணுவிலும் அதே புத்தகம். பிறகு ஏன் கண் கண்ணாக இருக்கிறது, குடல் குடலாக இருக்கிறது? ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் திறந்து படிக்கிறது. மற்ற பக்கங்களை மூடி வைக்கிறது. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதையே ஜீனின் வெளிப்பாடு என்கிறார்கள்.

பால்மரம் அறிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுமரத்தை நம்மில் பலர் வெட்டியிருக்கிறோம். ஒரே தாய்மரத்தின் மொட்டிலிருந்து ஒட்டுக்கட்டி வளர்த்ததால், அந்த வகையின் எல்லா மரங்களுக்கும் ஒரே ஜீன்கள்தாம். ஆயினும் மேட்டு நிலத்து மரம் ஒரு மாதிரி பால் கொடுக்கும். ஆற்றோரத்து மரம் வேறு மாதிரி கொடுக்கும். பட்டையில் எத்ரெல் மருந்தைத் தடவினால் அதே மரம் நெடுநேரம் பால் வடிக்கும், மங்கு நிரம்பி வழியும். மருந்து மரத்தின் ஜீன்களை மாற்றவில்லை. அவற்றின் வேலையை முடுக்கிவிட்டது. அளவுக்கு மீறித் தடவினாலோ பட்டை வறண்டு, பால் நின்றேபோகும். மனித உடலிலும் இப்படித்தான். ஜீன்கள் ஒன்றாகவே இருந்தாலும், வெளியிலிருந்து போடும் பொருள் அவற்றைத் தூண்டிவிடும், அல்லது அடக்கிவிடும்.

இப்போது வாய்க்குள் வருவோம்.

பாக்கை மெல்லும்போது அதன் நார் கன்னத்தின் உட்புறத்தைச் சிராய்க்கிறது. சுண்ணாம்பு காரமாகி மெல்லிய சவ்வை வேகவைக்கிறது. பாக்கில் அரிக்கோலின் என்ற காரப்பொருள் இருக்கிறது. வெற்றிலை போட்டவுடன் உடம்பு சூடாகி, நெற்றி வியர்த்து, ஒரு தெம்பு வருகிறதே, அதற்கு அதுவே காரணம். பாக்கில் செம்புச் சத்தும் மற்ற உணவுப் பொருள்களைவிட மிகுதி. புகையிலையைச் சேர்த்தால் அதன் நஞ்சுகளும் சேர்கின்றன.

கன்னத்தில் காயம் பட்டால் உடல் சும்மா இருக்குமா? அங்கே இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அந்த இடம் சிவந்து, எரிந்து, வீங்குகிறது. இதற்கு அழற்சி என்று பெயர். காலில் முள் குத்திய இடம் சிவப்பதும் அழற்சிதான். முள்ளை எடுத்தால் இரண்டு நாளில் அது அடங்கிவிடும். அழற்சி நல்லது; அது உடலின் தீயணைப்புப் படை. ஆனால் முள்ளை எடுக்காமல் தினமும் அதே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால்? தீயணைப்புப் படை வீடு திரும்புவதே இல்லை. தண்ணீர் அடித்து அடித்து வீட்டையே இடித்துவிடுகிறது.

வெட்டுக்காரர்களுக்கு இது தெரிந்த பாடம். பட்டையை அளவோடு சீவினால் புதுப்பட்டை வழவழவென்று வளரும். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக, முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. பிறகு அதில் கத்தி ஓடாது. அதற்காகத்தானே மண்டோர் காயத்தை எண்ணிக் கணக்கெடுத்துத் திட்டுவார்!

தினமும் பத்து முறை, இருபது வருடம் பாக்குப் போட்டவரின் கன்னத்தில் நடப்பதும் இதுவே. காயத்தை ஆற்றும் வேலைக்கென்று சில ஜீன்கள் இருக்கின்றன. அவை கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் செய்யச் சொல்லும். காயம் ஆறியதும் அந்தப் பக்கம் மூடப்பட வேண்டும். பாக்கின் தூண்டுதலால் அது மூடப்படாமல் திறந்தே கிடக்கிறது. நாருக்கு மேல் நார் சேர்கிறது. பாக்கிலுள்ள செம்பு, அந்த நார்களை ஒன்றோடொன்று பின்னி இறுக்கும் நொதிக்கு உதவி செய்கிறது. இறுகிய நாரைக் கரைக்கும் வேலையோ குறைந்துவிடுகிறது. மெல்ல மெல்லக் கன்னம் வெளுத்து, தோல் பலகைபோல் கெட்டிப்படுகிறது. முதலில் காரக் குழம்பு சாப்பிட்டால் வாய் எரியும். பிறகு கொட்டாவி விடும்போது வாய் முழுதும் திறக்காது. மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல் நுழையும், பிறகு ஒரு விரல். சோற்றுக் கவளம் போகாமல் கஞ்சியாகக் கரைத்துக் குடிக்க வேண்டி வரும். இதை வாய்ச்சவ்வு நார்த்தடிப்பு நோய் என்று சொல்லலாம். இந்த நோயை 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு எழுதினார். கடல் தாண்டிப் போன இடத்திலெல்லாம் பாக்கும் அதன் நோயும் நம்மைத் தொடர்ந்திருக்கின்றன, பார்த்தீர்களா?

கவனியுங்கள்: இதுவரை ஜீனின் எழுத்து எதுவும் மாற வேண்டியதில்லை. பக்கம் மூடப்படாமல் போனதே நோய். இது வெளிப்பாட்டின் கோளாறு.

இதிலிருந்து புற்று எப்படி வருகிறது? காயம் பட்ட இடத்தில் உயிரணுக்கள் ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பெருகும்போதும் 300 கோடி எழுத்துகளையும் பிரதி எடுக்க வேண்டும். அவசரத்தில் பிரதி எடுத்தால் பிழை வரும் அல்லவா? அதோடு பாக்கிலிருந்தும் புகையிலையிலிருந்தும் உண்டாகும் நஞ்சுகள் எழுத்துகளையே சிதைக்கின்றன. "உப்பு ஒரு கரண்டி" என்ற குறிப்பு "உப்பு ஒன்பது கரண்டி" என்று மாறினால் குழம்பு என்னவாகும்?

பெரும்பாலான பிழைகளை உடல் திருத்திவிடும். அதற்கென்று காவல் இருக்கிறது. பி53 என்று ஒரு ஜீன். 1979-இல் விஞ்ஞானிகள் அதன் புரதத்தைக் கண்டறிந்தார்கள். இதைத் தோட்டத்து ஜாகா என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிரணுவில் எழுத்துப்பிழை கண்டால், "நில், திருத்திய பிறகு பெருகு" என்று தடுத்து நிறுத்தும். திருத்த முடியாவிட்டால், "நீ இருந்தால் ஊருக்கு ஆபத்து" என்று அந்த உயிரணுவையே மடியச் செய்யும். பிழை ஒருநாள் ஜாகாவின் ஜீனிலேயே விழுந்துவிட்டால் கேட்க ஆள் இல்லை. கெட்ட உயிரணு தன் இஷ்டத்துக்குப் பெருகும். அதுவே புற்று.

இது ஊகம் அல்ல. இந்தியாவில் மேற்கு வங்காளத்துக் கல்யாணி நகரில் உள்ள தேசிய மருத்துவ மரபணு ஆய்வுக்கழக விஞ்ஞானிகளும், மும்பை டாட்டா நினைவு மையத்தைச் சேர்ந்தவர்களும் கூடி, ஈறிலும் கன்னத்திலும் புற்று வந்த 110 நோயாளிகளின் ஜீன்களை ஆராய்ந்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. பி53 ஜீன் பழுதுபட்டிருப்பதைப் பலரிடம் கண்டார்கள். கெட்ட உயிரணுவை மடியச் செய்யும் காஸ்பேஸ்-8 என்ற ஜீனும் சிலரிடம் பழுதாகியிருந்தது. வேறு சில புற்றுகளில், எழுத்து சரியாகவே இருக்க, அந்தப் பக்கத்தின்மேல் ஒரு சிறு இரசாயன முத்திரை ஒட்டிக்கொண்டு படிக்கவொட்டாமல் மூடிவிடுவதும் உண்டு. ஆக, புற்று வருவதற்கு இரண்டு வழி: எழுத்து கெடுவது ஒன்று, திறக்க வேண்டிய பக்கம் மூடிப்போவது அல்லது மூட வேண்டிய பக்கம் திறந்தே கிடப்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டும் கைகோத்தே வருகின்றன.

இந்தப் பிழைகள் கன்னத்தில் பிறந்து கன்னத்திலேயே இருப்பவை. இவை தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்வதும் இல்லை. வாய்ப் புற்று வந்த அம்மாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்து ஒதுக்குகிறவர்கள் இதை மனத்தில் பதிய வைக்க வேண்டும். "அந்த வீட்டில் பெண் எடுத்தால் நமக்கும் அந்த நோய் வரும்" என்று சம்பந்தத்தை முறிப்பவர்களும் பதிய வைக்க வேண்டும்.

அப்படியானால் ஓரகத்திகள் இருவருக்கும் ஏன் வேறு வேறு முடிவு? இங்கேதான் பிறவியில் வரும் மரபணு வேறுபாடு வருகிறது. நஞ்சை வெளியேற்றும் வேலைக்கு ஜி.எஸ்.டி.எம்.1 என்று ஒரு ஜீன் உண்டு. எல்லா இனத்திலும் கணிசமான பேர் இந்த ஜீன் இல்லாமலே பிறக்கிறார்கள். நஞ்சு வாய்க்குள் போகாதவரை அது இல்லாதது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. புகையிலை போடும்போதுதான் அந்தக் குறை வெளிப்படுகிறது. காயத்தை ஆற்றும் ஜீன்களிலும், அழற்சியைக் கூட்டிக் குறைக்கும் ஜீன்களிலும் இப்படியே ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகள் உண்டு. அதனோடு உணவு, இரத்தசோகை, பாக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கும் வழக்கம், மது எல்லாம் சேர்கின்றன. டாக்டர் இராமநாதன் 1981-இல், இரும்புச்சத்துக் குறைவுக்கும் நார்த்தடிப்பு நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். வெறும் கஞ்சியும் கருவாடும் தின்று வேலை செய்த தாய்மார்களை நினைத்தால் அந்த எண்ணத்தில் நியாயம் இருப்பது தெரியும்.

ஜீனும் பழக்கமும் சேர்ந்து வேலை செய்வதற்கு நம் நாட்டிலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டழற்சி நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வாளியைத் தூக்க முடியாது. உடலின் காவல் படையே சொந்த மூட்டைத் தாக்கும் நோய் அது. 2005 முதல் 2009 வரை மலேசியாவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரையும் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அந்த நோயின் ஒரு முக்கிய வகைக்கு ஒரு குறிப்பிட்ட ஜீன் அமைப்பு மூன்று இனத்தாரிடமும் ஆபத்தைக் கூட்டியது. புகைபிடிப்பதும் கூட்டியது. ஜீனும் புகையும் ஒரே ஆளிடம் சேர்ந்தபோது ஆபத்து பன்மடங்காயிற்று. ஜீனை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சிகரெட்டை வைப்பதா எறிவதா என்பது நம் கையில்.

நேராகத் தாய் தந்தையிடமிருந்து வரும் புற்றும் இருக்கவே செய்கிறது. மார்பகப் புற்றில் ஒரு சிறு பகுதி அப்படி வருவது. தாய், சித்தி, அக்காள் என்று ஒரே குடும்பத்தில் இளவயதிலேயே பலருக்கு அது வந்திருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லத் தயங்கக்கூடாது. ஆனால் வாய்ப் புற்றின் கதை வேறு. இங்கே ஜீன் வேறுபாடு தராசில் சிறு கல். பாக்கும் புகையிலையுமே பெருங்கல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு புற்றை உண்டாக்கும் என்று 1985-இலேயே சொல்லிவிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் அடைந்தவர்களுக்கு 2003-இல் மறுமொழி வந்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று அந்த அமைப்பு அறிவித்தது.

பெரியம்மாவுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். மழைநாளில் வழுக்கும் பாறையில் ஓடியவர் எல்லாரும் விழுவதில்லை. விழாதவரைக் காட்டிப் பாறை வழுக்காது என்று சொல்ல முடியுமா? விழப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் நம் கிளினிக்குகளில் இல்லை. ஆகவே ஓடாமல் இருப்பதே அறிவு.

இனி, செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மாதம் ஒருமுறை வாயைப் பாருங்கள். வாய் கொப்பளித்துவிட்டு, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டை மடக்கி, கன்னத்தை விரலால் இழுத்து, நாக்கை மேலும் பக்கவாட்டிலும் நீட்டிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, வெல்வெட்டுப்போல் சிவந்த திட்டு, கையில் தட்டுப்படும் கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைதல், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை எச்சரிக்கை. இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு: தொடக்கத்தில் இந்த நோய் வலிக்காது. "வலிக்கவில்லையே" என்று விட்டுவிடுவதால்தான் நம்மவர்கள் தாமதமாகப் போய்ச் சேருகிறார்கள்.

இரண்டாவது, இப்படி எதையேனும் கண்டால் அரசாங்கப் பல் மருந்தகத்துக்குப் போங்கள். பல்லே இல்லாத பாட்டியும் போகலாம். அவர்கள் பல்லை மட்டும் பார்ப்பவர்கள் அல்லர். சுகாதார அமைச்சு 1997-இலேயே, ஆபத்து மிகுந்த மக்களின் வாயைத் தேடிப்போய்ப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது; தோட்டத்து மக்களையும் அதில் சேர்த்தது. தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாபார் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே ஊசியால் மரத்துப்போகச் செய்து ஒரு சிறு துணுக்குச் சதையை எடுத்துப் பார்ப்பார்கள். "கத்தி வைத்தால் பரவிவிடும்" என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். துணுக்கு எடுப்பதால் புற்று பரவுவதில்லை. எடுக்காமல் மறைத்து வைப்பதால்தான் பரவுகிறது.

வாயைத் திறந்து பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சான்று சொல்கிறேன். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பதின்மூன்று பகுதிகளில் சிலவற்றில் மட்டும், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. 2005-இல் கணக்குப் பார்த்தபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கண்ணும் வெளிச்சமும் செய்த வேலை அது.

மூன்றாவது, பழக்கத்தை விடுவது. நாற்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விடு என்று பேரப்பிள்ளை அதட்டினால் பாட்டி ஒளித்து வைத்துப் போடுவார். முதலில் புகையிலையை எடுத்துவிடுங்கள். பாக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்துங்கள். பிறகு பாக்கின் அளவைக் குறைத்து, ஒரு நாள் குறித்து முழுதும் விடுங்கள். வாய் ஊறினால் ஏலக்காய், கிராம்பு, சோம்பு மெல்லலாம். பல்வலிக்குப் புகையிலையை அடக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை அடியோடு விடவேண்டும். பல்வலிக்கு மருந்து பல் மருந்தகத்தில் இருக்கிறது. கடைகளில் தொங்கும் பளபளப்பான பொட்டலப் பாக்கும் பாக்குத்தான். இளைஞர்கள் அதைப் புது நாகரிகம் என்று மயங்க வேண்டாம்.

"கல்யாணத்தில் தாம்பூலம் வைக்காமல் எப்படி?" என்று கேட்பீர்கள். வையுங்கள். தாம்பூலம் மரியாதையின் அடையாளம். தட்டில் வைத்துக் கொடுப்பதிலும், இரு கையால் வாங்குவதிலும் அந்த மரியாதை நிறைவேறிவிடுகிறது. மென்றுதான் தீரவேண்டும் என்று எந்த முறையும் சொல்லவில்லை.

விட்டால் பயன் உண்டா? உண்டு. தூண்டுதல் நின்றதும், திறந்து கிடந்த பக்கங்கள் பல மெல்ல மூடத் தொடங்குகின்றன. வெள்ளைப் படைகள் சில மறைந்தும் போகின்றன. ஆனால் இறுகிப்போன நார் தானாக இளகுவதில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் நார்த்தடிப்பு நோயாளிகள் 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஐந்து பேருக்குப் புற்று வந்தது. ஆகவே அந்த நோய் உள்ளவர்கள் பாக்கை விட்டபிறகும் டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் போய்க் காட்ட வேண்டும். புற்றே வந்துவிட்டாலும், சிறியதாக இருக்கும்போது பிடித்தால் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடியும்.

நேயர்களே, ஜீன் என்பது தலையில் எழுதி ஒட்டிய விதி அல்ல. அது ஒரு புத்தகம். அதன் எழுத்துகளைப் பெற்றோர் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் திறக்கும், எது மூடும், எந்த எழுத்து கெடும் என்பதில் நாம் வாயில் போடும் பொருளுக்கும் பங்கு இருக்கிறது. இந்த வாரம் உங்கள் வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் யாராவது இருந்தால், திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, கொஞ்சம் வாயைத் திறங்கள், பார்க்கிறேன்" என்று கேளுங்கள். மூன்று விரல் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழையவில்லை என்றால், அல்லது உள்ளே வெள்ளையோ சிவப்போ தெரிந்தால், தீபாவளி கழியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போடாமல் அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.